சுண்டுவிரலுக்கு முதலில் தெரியும்

பெரியகுளத்துக்கு மே மாதம் என்றால் இரண்டு விசேஷம். ஒன்று மாம்பழம், இன்னொன்று கூடைப்பந்து. சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் நடத்துகிற அகில இந்தியப் போட்டிக்கு ராணுவம், கடற்படை, வங்கிகள் என்று பல திசையிலிருந்தும் அணிகள் வந்து இறங்கும். வெயில் தாழ்ந்த பிறகு விளக்குப் போட்டு ஆட்டம் நடக்கும். தேனி மாவட்டத்தில் கபடிக்குக் கூட்டம் கூடுவது புதிதில்லை. ஆனால் இந்த அளவுள்ள ஓர் ஊர், கூடைப்பந்தை இத்தனை விவரத்தோடு உட்கார்ந்து பார்ப்பது அபூர்வம்தான்.

அங்கே ‘ஃப்ரீ த்ரோ’ போடும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். தடுக்க ஆளில்லாமல் ஒருவர் மட்டும் கோட்டில் நிற்பார். பலகை அங்கிருந்து 4.6 மீட்டர் தள்ளி இருக்கும். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில், 45 சென்டிமீட்டர் அகலத்தில். பந்தின் விட்டம் சுமார் 24 சென்டிமீட்டர். பந்து காற்றில் இருப்பது ஏறத்தாழ ஒரு விநாடி. அந்த ஒரு விநாடி முடிகிற வரை கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் ஓரத்தில் நிற்கும் யாராவது ஒருவர், பந்து பாதி வழி போவதற்குள்ளேயே “போச்சு” என்று உச்சுக்கொட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வார். பந்தும் வளையத்தில் பட்டு வெளியே தெறிக்கும்.

அந்த ஆள் யாராக இருப்பார்? இன்றைக்கும் ஆடிக்கொண்டிருப்பவரா, முப்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்துத் தேறிய பயிற்சியாளரா, விளையாட்டுப் பக்கம் எழுதும் நிருபரா?

ரோம் நகரில் சால்வதோரே அலியோத்தி என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதையே சோதனையாக நடத்தி 2008இல் வெளியிட்டார்கள். உயர்மட்டக் கூடைப்பந்து வீரர்கள் ஒரு பக்கம். பயிற்சியாளர்களும் விளையாட்டு நிருபர்களும் சேர்ந்த ‘பார்த்துத் தேறியவர்கள்’ இன்னொரு பக்கம். கூடைப்பந்தே அறியாதவர்கள் மூன்றாவது பக்கம். ஒருவர் ஃப்ரீ த்ரோ போடும் வீடியோவைக் காட்டி, வெவ்வேறு கட்டங்களில் நிறுத்திவிடுவார்கள். சில துண்டுகள் பந்து கையில் இருக்கும்போதே முடிந்துவிடும், சில துண்டுகளில் பந்து பறக்கத் தொடங்கியிருக்கும். உள்ளே போகுமா, வெளியே போகுமா என்று சொல்ல வேண்டும்.

பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே சரியாகக் கணித்தவர்கள் ஆட்டக்காரர்கள். அவர்கள் பந்தையே பார்க்கவில்லை என்று சொன்னாலும் தப்பில்லை. முழங்காலிலும் மணிக்கட்டிலும் விரலிலும் சேதி அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. பயிற்சியாளர்களும் நிருபர்களும் பந்து பறக்கும் பாதை தெரிந்த பிறகே தேறினார்கள்.

அடுத்த கட்டம் இன்னும் வியப்பானது. தலைக்கு மேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து கணநேரக் காந்தத் துடிப்பு கொடுத்தால், மூளையில் கையை அசைக்கும் பகுதி எவ்வளவு விழித்திருக்கிறது என்பதைக் கைத்தசையிலேயே அளந்துவிடலாம். வீடியோ பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தபோது ஆட்டக்காரர்களுக்கு மட்டுமின்றி, பார்த்துத் தேறியவர்களுக்கும் அந்தப் பகுதி சூடு பிடித்திருந்தது. அதாவது பயிற்சியாளரும் உள்ளுக்குள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் தவறப்போகும் பந்து கையை விட்டு விலகுகிற அந்தக் கணத்தில், சுண்டுவிரலை இயக்கும் தசைக்கான சமிக்ஞை ஆட்டக்காரர்களுக்கு மட்டும் எகிறியது. உள்ளே போகும் பந்துக்கு அப்படி எகிறவில்லை. தப்பு நடக்கிறது என்பது அவர்களுடைய சுண்டுவிரலுக்குத் தெரிந்திருந்தது, பயிற்சியாளரின் விரலுக்குத் தெரியவில்லை.

பார்ப்பதும் செய்வதும் ஒன்றில்லை என்பதை லண்டனில் பியாட்ரிஸ் கால்வோ-மெரினோ குழு நடனத்தில் காட்டியது. பாலே நடனத்தில் ஆண்களுக்கென்று சில அசைவுகள், பெண்களுக்கென்று சில. தினமும் ஒரே அரங்கில் பயிற்சி செய்வதால் இரண்டு தரப்பும் மற்றவரின் அசைவுகளை ஆயிரக்கணக்கான தடவை பார்த்திருக்கும், ஆனால் செய்திருக்காது. வீடியோவைக் காட்டி மூளையைப் படம் பிடித்தபோது, தாம் உடம்பால் செய்து பழகிய அசைவுகளுக்குத்தான் இயக்கப் பகுதிகள் கூடுதலாக எதிரொலித்தன. எத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தாலும் அது செய்ததற்கு ஈடாகவில்லை.

அப்படியானால் நல்ல ஆட்டக்காரர் ஒருவர் பயிற்சியாளராக மாறினால் காரியம் முடிந்தது, விரலுக்குத் தெரிந்ததை எடுத்துச் சொன்னால் போதும் என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விரலுக்குத் தெரிந்தது வாய்க்கு வராது.

சையன் பைலாக் என்ற உளவியலாளர் தாமஸ் காருடன் சேர்ந்து 2001இல் வெளியிட்ட கோல்ஃப் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. தேர்ந்த ஆட்டக்காரர்களையும் புதியவர்களையும் பந்தைக் குழிக்குள் தள்ளச் சொன்னார்கள். பிறகு இரண்டு கேள்வி. பொதுவாக இந்த அடியை எப்படி அடிக்க வேண்டும்? சற்று முன் நீங்கள் அடித்த கடைசி அடியில் என்னென்ன செய்தீர்கள்? முதல் கேள்விக்குத் தேர்ந்தவர்கள் நீளமாக எழுதினார்கள். இரண்டாவது கேள்விக்கு அவர்கள் எழுதியது புதியவர்கள் எழுதியதைவிடக் குறைவு. தாமே செய்தது அவர்கள் நினைவிலேயே பதியவில்லை. பிறகு கோணல்மாணலாக வளைந்த ஒரு மட்டையைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். பழக்கம் கைகொடுக்காமல் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்யவேண்டி வந்ததும், அவர்களுடைய நினைவு திரும்பி வந்துவிட்டது.

கம்பத்தில் பன்னீர் திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டுபவரிடம் கேட்டுப் பாருங்கள். பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்றபடி, கத்தரிக்கோல் நிற்காமல், எந்தக் குச்சியை எத்தனையாவது கணுவில் வெட்டுவது என்று முடிவெடுத்துக்கொண்டே நகர்வார். “ஏன்ணே இத இங்க வெட்டுனீங்க?” என்று நிறுத்திக் கேட்டால் வெட்டிய குச்சியை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். காரணம் சொல்வார், அது சரியான காரணமாகவும் இருக்கும். ஆனால் அந்தக் காரணம் கேட்ட பிறகு பிறந்தது. வெட்டிய நேரத்தில் அவர் மனதில் சொல் எதுவும் இல்லை.

திறமை முற்ற முற்ற அது சொல்லிலிருந்து விலகிப் போகிறது. கற்கும்போது ஒவ்வொரு அடியையும் மனம் சொல்லிச் சொல்லிச் செய்கிறது; ஆயிரக்கணக்கான தடவைக்குப் பிறகு அந்த உள்பேச்சு அடங்கிவிடுகிறது. அடங்கினால்தான் வேகம் வரும். ஆக, மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்பவர் தாம் எப்படி ஆடுகிறோம் என்பதை மறந்துபோனவர். அவரைத்தான் பிறகு கூப்பிட்டு ‘வந்து சொல்லிக் கொடுங்கள்’ என்கிறோம்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், 1975இல் பிறந்தவர். கபடியில் வலது கார்னர், அதாவது தடுப்பு வரிசையின் வலது ஓரத்தில் நிற்பவர். புரோ கபடி லீக்கின் நான்காவது சீசனில், 2016 ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் பாட்னா பைரேட்ஸ் அணி ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸை 37–29 என்று வென்றபோது பாட்னாவின் கேப்டன் அவர்தான். வயது 41. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38–29 என்று வென்று உலகக் கோப்பையைத் தூக்கிய இந்திய அணியிலும் இருந்தார். கூட ஆடியவர்களில் பலர் அவருக்குப் பாதி வயது. ஹரியாணாக்காரர், மராட்டியர், எல்லோரும் அவரைக் கூப்பிட்டது ‘அண்ணா’ என்றுதான். 2021 இறுதியில் தொடங்கிய எட்டாவது சீசனில் ஜெய்ப்பூர் அணியில் இருந்தபோது வயது 46.

நாற்பது தாண்டிய உடம்பு கபடியில் எப்படி நிற்கிறது? குறுந்தூர ஓட்டப் பந்தயத்தில் அது அரிது. தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. நின்று உழைக்கும் இழைகள் வயதோடு ஓரளவு தாக்குப்பிடிக்கும். வெடித்துப் பாயும் வேக இழைகள்தான் முதலில் சுருங்கும். வேகத்தை நம்பிய ஆட்டக்காரருக்கு முப்பதுகளில் அஸ்தமனம். கார்னரில் நிற்பவர் நம்புவது வேகத்தை மட்டுமல்ல.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணில் ஒன்று பட்டு, அதற்கு உடம்பு அசையத் தொடங்குவதற்கு நன்றாகப் பழகியவருக்கும் சுமார் 0.2 விநாடி ஆகும். இது நரம்பின் எல்லை, பயிற்சியால் பெரிதாகக் குறைக்க முடியாது. ரைடு வந்த ஆள் காலை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினால், அந்த 0.2 விநாடியில் கால் ஒரு மீட்டர் கடந்திருக்கும். ஆகவே காலைப் பார்த்துவிட்டுக் காலைப் பிடிக்கப் போகிறவருக்குக் காற்றுதான் கிடைக்கும். கால் எங்கே வந்து ஊன்றப்போகிறது என்பது முன்பே தெரிந்தாக வேண்டும். ரைடருக்கு மொத்தம் 30 விநாடி. அதில் முக்கால்வாசி நேரம் சும்மா ஆட்டம் காட்டுவார், ஏமாற்றுவார், கையை நீட்டி இழுப்பார். உண்மையாகத் தொடப் பாயும்போது மட்டும் உடம்பின் எடை ஒரு காலுக்கு மாறும், இடுப்பு கொஞ்சம் தாழும், தோள் திரும்பும். கையும் முகமும் பொய் சொல்லலாம். இடுப்பு பொய் சொல்வது கஷ்டம், ஏனென்றால் உடம்பின் பாரம் அங்கே இருக்கிறது. எடை ஏறிய காலை உடனே தூக்க முடியாது. தூக்கினால் விழ வேண்டியதுதான். அந்தக் கணுக்கால்தான் பிடிக்க ஏற்றது.

இந்த வாசிப்பு வயதாக ஆகத் தேறிக்கொண்டே போகும். தசை இழப்பதைக் கண் ஈடுகட்டும். எவ்வளவு நாள் ஈடுகட்டும் என்பதில்தான் ஒவ்வொரு ஆட்டக்காரரின் ஓய்வு வயதும் இருக்கிறது. ரைடர்கள் இளமையிலேயே உச்சத்துக்கு வந்து சீக்கிரம் ஒதுங்க, தடுப்பவர்கள் நீடிப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2024இல், பதினோராவது சீசனுக்கு, சேரலாதன் தமிழ் தலைவாஸ் அணிக்கு வியூகப் பயிற்சியாளராக வந்தார். தலைமைப் பயிற்சியாளர் உதயகுமார். கோட்டுக்கு உள்ளே நின்றவர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தார். இடைவெளி சில அடிதான். ஆனால் வேலை முற்றிலும் வேறு. உள்ளே நின்றபோது ரைடரின் இடுப்பைப் படித்ததும் அவருடைய உடம்பே பாய்ந்தது. வெளியே அமர்ந்தவர் படித்துவிட்டு என்ன செய்வது? “இப்ப பிடி” என்று கத்தினால், அந்தச் சத்தம் காதில் விழுந்து உள்ளே இருக்கும் பையன் அசைவதற்குள் ரைடர் நடுக்கோட்டைத் தாண்டியிருப்பார். பயிற்சியாளரின் கண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிந்தாலும் அந்த நேரத்தில் அதனால் பயனில்லை. அந்தக் கண்ணை முந்தைய நாள்களிலேயே பையனுக்குள் வைத்திருக்க வேண்டும்.

எப்படி வைப்பது? கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர் பக்கம் எந்தக் கபடித் திடலிலும் சாயங்காலம் கேட்கும் குரல்களைக் காதில் வாங்கிப் பாருங்கள். சுண்ணாம்புக் கோடு போட்ட மண் தரை. பழைய ஆட்டக்காரர் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்பார். “டேய், முட்டிய மடக்கு. முதுகு நேரா. கைய இறக்கு, இறக்குடா.” பையனும் “சரிண்ணே, சரிண்ணே” என்று முட்டியைக் குனிந்து பார்ப்பான். அவன் முட்டியைப் பார்க்கும் நேரத்தில் ரைடர் தொட்டுவிட்டுப் போய்விடுவான். கத்துகிறவர் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. முட்டி மடங்கத்தான் வேண்டும். ஆனால் சொல்கிற வழி உடம்புக்கு இடைஞ்சல்.

கேப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். அவரும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனை மறுபடியும் ஃப்ரீ த்ரோவைப் பற்றியது. ஒரு முறை மணிக்கட்டு சுண்டுவதில் கவனம் வைக்கச் சொன்னார்கள், இன்னொரு முறை வளையத்தின் மேல் கவனம் வைக்கச் சொன்னார்கள். அதே ஆள், அதே பந்து. வளையத்தை நினைத்து எறிந்தபோது குறி கூடியது. கையின் முன்தசையிலும் பின்தசையிலும் மின் செயல்பாடு குறைந்தது. அதாவது குறைந்த சிரமத்தில் கூடுதல் துல்லியம். உடம்பை நினைத்தால் உடம்பு விறைக்கிறது. உடம்புக்கு வெளியே ஓர் இடத்தை நினைத்தால், அங்கே போய்ச் சேரும் வழியை உடம்பே கண்டுபிடிக்கிறது. “முட்டிய மடக்கு” என்பதைவிட “அவன் இடுப்புத் துணிய விட்டுக் கண்ண எடுக்காத” என்பது நல்ல பாடம். முட்டி தானாக மடங்கும்.

இன்னொன்றும் உண்டு. திருத்தம் எவ்வளவு சொல்வது? ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் தவறைச் சொன்னால் சீக்கிரம் தேறுவான் என்றுதான் எந்த ஆசிரியரும் நினைப்பார். கரோலி வின்ஸ்டீனும் ரிச்சர்ட் ஷ்மிட்டும் 1990இல் வெளியிட்ட சோதனைகளில் ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முறையும் விளைவைச் சொன்னார்கள், இன்னொரு குழுவுக்குப் பாதி முறை மட்டுமே சொன்னார்கள். மறுநாள் எதுவும் சொல்லாமல் செய்துகாட்டச் சொன்னபோது பாதி கேட்டவர்களே முந்தினார்கள். எப்போதும் சொல்லிக்கொண்டே இருந்தால் மூளை தன் உடம்பிலிருந்து வரும் சேதியைக் கவனிப்பதை விட்டுவிடுகிறது. அண்ணன் சொல்லட்டும் என்று காத்திருக்கிறது. ஆட்டத்து நாளில் அண்ணன் கோட்டுக்கு வெளியே இருப்பார்.

ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அமெரிக்கக் கூடைப்பந்தின் புகழ் மன்றத்தில் இரண்டு முறை இடம்பெற்ற முதல் ஆள் ஜான் வுடன். ஆட்டக்காரராக 1960இல், பயிற்சியாளராக 1973இல். அவருடைய யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணி 1964 தொடங்கி 12 ஆண்டுகளில் 10 தேசியக் கோப்பைகளை வென்றது. ரோலண்ட் தார்ப், ரொனால்ட் காலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் 1974–75 பருவத்தில் அவருடைய பயிற்சி நேரங்களில் போய் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்கள். மொத்தம் 2,326. உணர்ச்சி பொங்கும் உரைகளை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. பாராட்டு 6.9 சதவீதம். கடிந்துகொண்டது 6.6 சதவீதம். முக்கால் பங்கு வெறும் தகவல்: எதை, எப்படி, எப்போது செய்வது என்று. ஒவ்வொன்றும் சில சொற்கள்தான்.

யாராவது தப்புச் செய்தால் அவர் ஆட்டத்தை நிறுத்துவார். சரியான முறையைச் செய்துகாட்டுவார், பையன் செய்த தப்பைச் செய்துகாட்டுவார், மறுபடி சரியானதைச் செய்துகாட்டுவார். மொத்தமும் சுமார் மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும். உடனே ஆட்டம் தொடரும். ரோம் சோதனையை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் அதன் நுட்பம் தெரியும். வாயால் சொல்வது பையனின் மொழி மூளைக்குப் போகிறது. செய்துகாட்டுவது அவனுடைய இயக்க மூளைக்கு நேராகப் போகிறது. அவன் நின்றபடியே உள்ளுக்குள் செய்து பார்த்துவிடுகிறான். தன் விரலுக்குத் தெரிந்ததைச் சொல்லாக மாற்றாமலே இன்னொரு விரலுக்கு மாற்றும் வழி அது. வுடன் பருவத்தின் முதல் நாளில் சொல்லிக் கொடுத்தது காலுறை மாட்டுவது எப்படி என்பதைத்தான். சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டால் கொப்புளம் வராது, கொப்புளம் வராவிட்டால் பயிற்சி தவறாது. உலகத் தரத்து இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்து காலுறையை நீவிக்கொண்டிருந்தார்கள்.

சொல் குறைவாக இருந்தாலும் கபடி கடந்துபோகும் என்பதற்கு ஷைலஜா ஜெயினைச் சொல்லலாம். மகாராஷ்டிரத்தில் பல ஆண்டுகள் பயிற்சியளித்த அவர் ஈரான் பெண்கள் அணிக்குப் போனார். பாரசீக மொழி தெரியாது, போன பிறகு கற்றுக்கொண்டார். 2010, 2014 என இரண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றிருந்தார்கள். 2018 ஜகார்த்தா போட்டியில் அவருடைய ஈரான் அணி 27–24 என்று இந்தியாவை வீழ்த்தித் தங்கத்தைத் தட்டிச் சென்றது.

உடம்பே இல்லாத விளையாட்டில், ஆட்டக்காரர் பயிற்சியாளராகும் இந்த மாற்றம் எப்படி நடக்கிறது? சதுரங்கத்தில் நமக்கு ஆர்.பி. ரமேஷ் இருக்கிறார். 2002இல் பிரிட்டிஷ் சாம்பியன், 2003இல் கிராண்ட்மாஸ்டர், 2007இல் காமன்வெல்த் சாம்பியன். அந்த வெற்றிக்கு மறு ஆண்டே, மனைவி ஆர்த்தி ராமசாமியோடு சென்னையில் செஸ் குருகுலம் தொடங்கினார். சதுரங்க ஆட்டக்காரருக்கு முப்பதின் தொடக்கம் ஓய்வு வயதே இல்லை. இன்னும் பத்து ஆண்டாவது ஆடியிருக்கலாம். இந்தியன் ஆயில் வேலையையும் விட்டுவிட்டு முழு நேரமும் கற்றுத் தருவதில் இறங்கினார். பிரக்ஞானந்தா, வைஷாலி, மதுரையிலிருந்து வந்த அரவிந்த் சிதம்பரம் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். பிரக்ஞானந்தா 2018இல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 12. அதே பட்டத்தைக் குருநாதர் பெற்றபோது அவருக்கு 27.

1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செய்த பிரபலமான சோதனை இங்கே உதவும். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், மாஸ்டர் காய்களைப் பெரும்பாலும் அப்படியே அடுக்கிவிடுவார். கற்றுக்குட்டி நாலைந்து காயோடு திணறுவார். ஆனால் காய்களைக் கண்டபடி இறைத்துவைத்துக் காட்டினால் மாஸ்டரின் மேன்மை ஏறக்குறைய காணாமல் போய்விடுகிறது. அவரிடம் இருப்பது பெரிய நினைவாற்றல் அல்ல. அர்த்தமுள்ள கொத்துகளாகப் பார்க்கும் கண். 1980இல் கனடாவில் ஃபிரான் அல்லார்ட் குழு இதையே கூடைப்பந்துக்குச் செய்து பார்த்தபோது அதே விடை: அணி வகுத்து ஆடும் காட்சியை வீரர்கள் நன்றாக நினைவில் வைத்தார்கள், ஒழுங்கில்லாமல் சிதறி நிற்கும் காட்சியில் அவர்களும் மற்றவர்களும் ஒன்றுதான்.

களத்துக்குள் இருப்பவர் ஒரு கொத்தைப் பார்க்கிறார்: தன் எதிராளி, தன் பக்கத்து ஆள், பந்து. வெளியே வந்தவர் கொத்துகளின் கொத்தைப் பார்க்கிறார். சுண்டுவிரலில் இழந்ததை அங்கே சம்பாதிக்கிறார். ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் இதற்கு உதாரணமாக ஒரு நாள் உண்டு. முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், அணிக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், அல்லது ஒரு உள்ளங்கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. அந்தக் காலத்தில் முஷ்டியால் குத்துவது அவசரத்துக்கு மட்டும்தான். ரான் பராஸி மெல்போர்ன் அணிக்காக ஆறு கோப்பைகளை வென்ற முரட்டு ஆட்டக்காரர். தந்தையைப் போரில் பறிகொடுத்து, தன் பயிற்சியாளர் நார்ம் ஸ்மித்தின் வீட்டிலேயே தங்கி வளர்ந்தவர். 1965இல் கார்ல்டன் அணிக்கு ஆடிக்கொண்டே பயிற்சி தரப் போனார், பிறகு ஆடுவதை நிறுத்தினார்.

1970 செப்டம்பர் 26, இறுதி ஆட்டம். 1,21,696 பேர் கூடியிருந்தார்கள். பாதி ஆட்டத்தில் கார்ல்டன் 44 புள்ளி பின்தங்கியிருந்தது. இடைவேளையில் பராஸி சொன்ன உத்தரவு முஷ்டியால் குத்திக் குத்தி அனுப்புங்கள், ஆபத்தான இடத்திலும் அதையே செய்யுங்கள் என்பதுதான். கார்ல்டன் 10 புள்ளியில் வென்றது. மணிக்கட்டை இப்படி வை, தோளை அப்படித் திருப்பு என்று அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த இடைவேளையில் கொடுக்கக்கூடியது ஒரே ஒரு கொத்து, அதைக் கொடுத்தார். இரண்டாம் பாதியில் மாற்று ஆளாக இறங்கி நான்கு கோல் அடித்த டெட் ஹாப்கின்ஸ் அப்புறம் ஆட்டத்தை விட்டுவிட்டார். 1990களில், களத்தில் நடக்கும் ஒவ்வொரு உதையையும் ஒவ்வொரு குத்தையும் எண்ணிப் பதியும் சாம்பியன் டேட்டா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். இன்று அந்த விளையாட்டில் எந்தப் பயிற்சியாளரும் அந்தக் கணக்கு இல்லாமல் உட்காருவதில்லை.

நல்ல ஆட்டக்காரர்தான் நல்ல பயிற்சியாளர் ஆவாரா என்ற திண்ணை வழக்குக்கும் ஓர் ஆய்வு உண்டு. அமாண்டா குடால், லாரன்ஸ் கான், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் மூவரும் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக் பயிற்சியாளர்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர்கள் பயிற்சியாளராக இருந்த அணிகள் கூடுதலாக வென்றிருந்தன. பயிற்சியாளர் மாறிய முதல் ஆண்டிலேயே வித்தியாசம் தெரிந்தது. வீரர்கள் அவர் சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆட்டத்தின் உள்கூறு அவருக்குத் தெரிவது இன்னொன்று. இது ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் சராசரி. ஒரு அணிக்கு, ஒரு சீசனுக்கு, அது எந்த உத்தரவாதமும் தராது. சேரலாதன் பெஞ்சில் இருந்த 2024 சீசனில் தமிழ் தலைவாஸ் பிளே ஆஃப் சுற்றை எட்டவில்லை. அடுத்த சீசனுக்கு சஞ்சீவ் பாலியான் பயிற்சியாளராக வந்தார். பயிற்சியாளர் வேலையில் ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் அடுத்த தோல்வி வரைதான். கம்பம் பக்கத்துத் திடல்களில் மட்டும் அந்தக் கவலை கிடையாது: அங்கே அண்ணனுக்குச் சம்பளமும் இல்லை, அவரை நீக்குவதற்கு ஆளும் இல்லை.